யோபுவின் ஒட்டகங்கள்

துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஃபீஸ் வேண்டாம். டீ கூட நானே வாங்கித் தருகிறேன்.

முதல் நாள் பாடம்: 'ஆண்டவருக்கு நல்ல பூவாப் பார்த்துத்தான் பறிக்கத் தெரியும்' என்று சொல்லக் கூடாது. இதை என்னிடம் பதினோரு பேர் சொன்னார்கள். எண்ணினேன். வேறு வேலை எதுவும் இல்லையே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவதைத் தவிர! பதினோராவது ஆளுக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். 'அப்ப உங்களை ஏன் சார் இன்னும் செடியிலேயே விட்டு வச்சிருக்காரு?' என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அத்தை (மாமியார்தான்) ஒரு பார்வை பார்த்தார்கள். காபியைக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

என் மனைவி 2023 நவம்பரில் இறந்தாள். வயது 32. ரத்தப் புற்றுநோய். அதிலும் ஏ.எம்.எல். என்று மூன்றெழுத்தில் சொல்கிற, சட்டென்று வேகம் எடுக்கிற ரகம்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள். நான் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்து மணிச் சத்தத்தில் எழுந்து பள்ளிக்கூடம் போனவன். எங்கள் ஊர்ப் பக்கம் சபைப் போதகரை 'ஐயர்' என்றுதான் சொல்வோம். 'நேத்து ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனார்' என்று சென்னை ஆபீஸில் சொன்னதும் பக்கத்து சீட் நண்பர் 'எந்த ஐயர்? நம்ம வாத்யாரா?' என்று குழம்பிப்போனது தனிக் கதை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் வீடுகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினால், வருகிற வருஷத்துக்கு அதுதான் உங்களுக்கு. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு கிளி ஜோசியம் ஞாபகத்துக்கு வரலாம். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் கிளி ஒன்றுதான் குறைச்சல்.

2022 கடைசி ராத்திரி அவள் உருவியது 91ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். நீடித்த ஆயுசைப் பற்றியது. ஃப்ரிஜ் கதவில், மாம்பழக் காந்தத்துக்குக் கீழே செருகினாள்.

மார்ச்சில் காய்ச்சல். கையில் காரணமே இல்லாமல் நீலத் தழும்பு. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்த அன்றைக்கு பிளேட்லெட் 8,000. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். நான் ஃப்ரிஜ் கதவைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

'இருக்கட்டும் அத்தான். எடுக்காதீங்க. நீண்ட ஆயுசுன்னுதானே போட்டிருக்கு, எத்தனை வருசம்னு போடலையே!'

அவள் அப்படித்தான். எங்கள் இருவரில் ஹாஸ்யக் கட்டுரை எழுதியிருக்க வேண்டியவள் அவள்தான்.

பிளேட்லெட் என்பது ஒரு விநோதமான சரக்கு. ரத்தத்தைப் போல ஃப்ரிஜ்ஜில் வைக்க முடியாது. இருபது, இருபத்திரண்டு டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நாள்தான் ஆயுள், பால் பாக்கெட் மாதிரி. அதனால் ஸ்டாக் வைக்க முடியாது, தேவைப்படும்போதெல்லாம் ஆள் தேட வேண்டும். வருகிறவர் ஒரு கையில் ஊசியோடு ஒன்றரை மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். மெஷின் ரத்தத்தை எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்து, மிச்சத்தைத் திருப்பி உடம்புக்குள்ளேயே விட்டுவிடும்.

ஆபீஸில் ஒரு பேப்பர் எழுதி கேன்டீனில் ஒட்டினேன். வந்தார்கள். என்னோடு பிரமோஷனுக்குச் சண்டை போட்டவர் வந்தார். ரம்ஜான் நோன்பு முடியட்டும் என்று காத்திருந்து, பெருநாளுக்கு மறுநாள் காலையில் முதல் ஆளாக அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் பாய் வந்தார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒரு பையன், 'சாமி, குடுத்தா தப்பில்லையே?' என்று குருசாமிக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து படுத்தான். 'எனக்குள்ள இப்ப எல்லா சாமியும் இருக்கு அத்தான். ஐயர்கிட்ட சொல்லிராதீங்க' என்றாள்.

எங்கள் ஜெபத்துக்குப் பதில் வந்தது என்று யாராவது என்னிடம் நிரூபிக்கச் சொன்னால் அந்த ஊசிக் கைகளைத்தான் காட்ட முடியும். ஆனால் நாங்கள் கேட்டது அது இல்லையே. நாங்கள் கேட்டது அவளை.

நடுவில் ஓர் ஊழியக்காரர் வந்தார். ஊர், பெயர் வேண்டாம். தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, மூன்று மாதத்தில் இந்தச் சகோதரி மேடை ஏறி சாட்சி சொல்வாள் என்று தேதி போடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது மாதத்தில் நோய் திரும்பி வந்தது. அவருக்குப் போன் போட்டபோது, 'வீட்டுக்குள்ள யாருக்கோ விசுவாசக் குறைச்சல் இருக்கு' என்றார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார் என் மாமனார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். போனை வாங்கினார். 'தம்பி, கெத்செமனே தோட்டத்துல ஒருத்தர் இந்தப் பாத்திரம் வேண்டாம்னு மூணு தடவை ஜெபம் பண்ணினாரு. அவருக்கே கிடைக்கல. அவருக்கும் விசுவாசக் குறைச்சல்தானா?' என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்ட மனுஷன். தன் மகளுக்கு வேறொருத்தர் மார்க் போடுவதை அவரால் தாங்க முடியவில்லை.

அவள் போன பிறகு நான் படித்த முதல் புத்தகம் யோபு. எல்லோரும் அதைத்தான் படிக்கச் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அதைப் படித்ததில்லை என்பது படிக்கப் படிக்கப் புரிந்தது.

பி.காம். படித்தவனிடம் யோபுவைக் கொடுத்தால் என்ன ஆகும்? பேலன்ஸ் ஷீட்தான் போடுவான். ஆரம்பத்தில் யோபுவுக்கு 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர்மாடு, 500 கழுதை. பிள்ளைகள் பத்து, ஏழு மகன், மூன்று மகள். எல்லாம் போகிறது. 42ஆம் அதிகாரத்தில் எல்லாம் திரும்ப வருகிறது, இரண்டு மடங்காக. 14,000 ஆடு, 6,000 ஒட்டகம், ஆயிரம் ஏர், ஆயிரம் கழுதை. பிள்ளைகள் மட்டும்? மறுபடியும் அதே ஏழு, அதே மூன்று.

டேலி ஆகவில்லையே என்று மாமனாரிடம் கேட்டேன். அவர் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தவர். பதில் ரெடியாக வைத்திருந்தார். செத்த ஒட்டகம் செத்ததுதான், அதனால் புதிதாக இரண்டு மடங்கு கொடுத்தால்தான் கணக்குச் சரி. பிள்ளைகள் அப்படியில்லை. முதல் பத்தும் ஆண்டவரிடத்தில் பத்திரமாக இருக்கிறார்கள், இந்தப் பத்தோடு சேர்த்தால் இருபது. இரண்டு மடங்கு சரியாக வந்துவிட்டது.

நல்ல கணக்குத்தான். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடுவார். ஆனால் சொல்லி முடித்ததும் மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அவருக்கும் இருந்தது ஒரே மகள்.

யோபு புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள். ஏழு பகல், ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் பயிற்சி வகுப்பில் இதுதான் இரண்டாம் நாள் பாடம். பிறகு வாயைத் திறக்கிறார்கள், கெட்டது! அதிகாரம் அதிகாரமாக, கடவுள் சார்பில் வக்கீல் நோட்டீஸ் விடுகிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அவர் நீதி தவறமாட்டார் என்று. யோபு கத்துகிறான். பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளைக் கோர்ட்டுக்கு வரச் சொல்கிறான். கடைசியில் கடவுள் வருகிறார், ஏன் இப்படிச் செய்தேன் என்று ஒரு வரி விளக்கம்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் போகும்போது ஒன்று சொல்கிறார். தன் சார்பில் வக்காலத்து வாங்கியவர்கள் பேசியது சரியில்லையாம். கத்தினவன் பேசியதுதான் சரியாம்.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடிக்குப் போய்க் கத்தினேன். கீழ் ஃப்ளாட்டில் விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். என்ன கத்தினேன் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

இன்னொரு மனுஷன், எசேக்கியேல். அவரைப் பற்றி ஒரு துக்க வீட்டிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. 24ஆம் அதிகாரத்தில் கடவுள் அவரிடம் சொல்லிவிடுகிறார்: உன் கண்ணுக்குப் பிரியமானவளை ஒரே அடியில் எடுக்கப்போகிறேன், நீ அழக் கூடாது, தலைப்பாகையைக் கழற்றக் கூடாது, செருப்பைக் கழற்றக் கூடாது என்று. காலையில் ஜனங்களிடம் பேசுகிறார். சாயங்காலம் மனைவி இறந்துபோகிறாள். மறுநாள் காலையில் சொன்னபடியே செய்கிறார். அவ்வளவுதான். அவள் பெயர்கூட இல்லை. ஜனங்களுக்கு ஓர் அடையாளமாக இருக்க வேண்டுமென்று காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் காரணத்தை நான் நாலைந்து தடவை படித்தேன். எனக்கு ஜீரணமாகவில்லை. இன்றைக்கும் ஆகவில்லை. மனைவி செத்த மறுநாள் செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன அந்த மனுஷனை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பத்தாவது நாள் நான் ஆபீஸ் லிஃப்ட்டில் நின்றபோது அவர் பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

ஆபீஸ் போனால் ஆயிரம் பேப்பர் வேலை. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். பேங்க்குக்குப் போனேன். கல்யாணம் ஆன புதிதில் ஜாயின்ட் அக்கவுன்ட் திறந்தபோது 'ஐதர் ஆர் சர்வைவர்' என்ற கட்டத்தில் இருவரும் டிக் அடித்தோம். இருவரில் ஒருவர், அல்லது மிஞ்சி இருப்பவர். பி.காம். பரீட்சையில் இதற்கு விளக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். அன்றைக்கு கவுன்ட்டர் பெண் பாரத்தைப் பார்த்துவிட்டு, 'சார், நீங்கதான் சர்வைவரா?' என்று கேட்டாள். சின்னப் பெண். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பாள். கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கல்யாண உடன்படிக்கையும் அப்படித்தான், யோசித்துப் பாருங்கள். பீடத்துக்கு முன்னால் நின்று வாழ்விலும் தாழ்விலும் என்று எல்லாம் சொல்லி, முடிகிற தேதியையும் அதிலேயே சொல்லிவிடுகிறோம். மரணம் வரைக்கும். கான்ட்ராக்ட் சட்டப்படி நான் விடுவிக்கப்பட்டுவிட்டேன். இதை எனக்கு ஞாபகப்படுத்தத்தான் ஆறே மாதத்தில் ஒரு பெரியம்மா, 'நாசரேத்துப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கு' என்று ஆரம்பித்தார்கள்.

'மேல போய்ப் பாப்பே மக்கா' என்று ஆறுதல் சொன்னதும் அதே பெரியம்மாதான். அதையும் நான் புத்தகத்தில் தேடினேன். ஏழு சகோதரர்களை ஒருவர் பின் ஒருவராகக் கட்டிய பெண் உயிர்த்தெழும்போது யாருக்கு மனைவி என்று சதுசேயர்கள் குதர்க்கமாக இயேசுவிடம் கேட்கிறார்கள். அங்கே கல்யாணமே கிடையாது என்கிறார். சதுசேயர் வாய் அடைத்தது. என் வாயும்தான். மேலே போனால் அவளைப் பார்ப்பேன், சரி. அவள் 'அத்தான்' என்று கூப்பிடுவாளா? இந்தக் கேள்விக்குப் போதகர் ஒரு மணி நேரம் நல்லபடியாகப் பதில் சொன்னார். பாவம், கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனவர். அவருடைய மனைவி உள்ளே எங்களுக்கு முறுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சி.எஸ்.லூயிஸ் என்று ஒருவர். 'நார்னியா' கதைகள் எழுதியவர் என்றால் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கிறிஸ்தவ விசுவாசத்துக்காக இங்கிலாந்தில் வாதாடிய பெரிய பேராசிரியர். மனுஷனுக்கு வலி ஏன் வருகிறது என்று 1940-ல் ஒரு புத்தகமே எழுதி விளக்கிவிட்டார். அப்போது பிரம்மச்சாரி. பிறகு ஐம்பத்தெட்டு வயதுக்குப் பக்கத்தில் ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்கப் பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு எலும்பில் புற்றுநோய். 1957-ல் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே பாதிரியார் வந்து முறைப்படி மணம் செய்து வைத்தார். நோய் ஆச்சரியமாகப் பின்வாங்கியது. இருவரும் கிரீஸ் வரை போய் வந்தார்கள். 1960 ஜூலையில் ஜாய் இறந்துபோனார்.

வலியை விளக்கியவர் அடுத்து எழுதியது நாலு நோட்டுப் புத்தகம். 1961-ல் அது வெளியானபோது சொந்தப் பெயரைப் போடவில்லை, என்.டபிள்யூ.கிளார்க் என்று புனைபெயர். 1963-ல் அவர் இறந்த பிறகுதான் சொந்தப் பெயரில் வந்தது. நடைபாதைக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். மெல்லிசுப் புத்தகம். கடவுள் இல்லையோ என்பது அவருடைய பயம் இல்லை. இருக்கிறார், ஆனால் இப்படிப்பட்டவரோ என்பதுதான். பஸ்ஸில் படித்தவன் இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்கவில்லை. எனக்கும் அதே பயம்தான், இந்த வார்த்தைகளில் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். நாத்திகனாகிவிட்டால் சவுகரியம். கோபித்துக்கொள்ள ஆள் இருக்காது. எனக்கு அந்தச் சவுகரியம் வாய்க்கவில்லை. கோபித்துக்கொள்ள எதிரே ஒருவர் இருந்துகொண்டே இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். முன்பு பாடகர் குழுவில் நின்றவன், இப்போது கடைசி பெஞ்சில், ஃபேனுக்குக் கீழே. பாட்டு வந்தால் புத்தகத்தைப் புரட்டுகிறேன். ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னால் சும்மா இருக்கிறேன். ஒரே ஓர் இடத்தில்தான் தப்பிக்க முடிவதில்லை. விசுவாசப் பிரமாணம். சின்ன வயதிலிருந்து வாய்ப்பாடு போல ஒப்பித்தது. அதன் கடைசியில் சரீரம் உயிர்த்தெழும் என்று நம்புவதாகச் சொல்ல வேண்டும். ஆத்துமா என்றால் பரவாயில்லை, காற்று மாதிரி ஏதோ ஒன்று, என்ன வேண்டுமானாலும் நம்பலாம். சரீரம் என்கிறதே! இடது முழங்கையில் ஊசித் தழும்பு, கீமோவில் முடி போய் மறுபடி பூனை முடி போல முளைத்த தலை, அவள் ரொம்ப ஆசைப்பட்ட மஞ்சள் பட்டு. அதை நான்தான் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்துக்கு மேற்கே, மூன்று பிடி மண் போட்டு வைத்துவிட்டு வந்தேன். அந்த வரி உண்மையா, பொய்யா என்பது இப்போது எனக்குத் தத்துவ விசாரம் இல்லை. சில வாரம் சத்தமாகவே சொல்கிறேன். சில வாரம் வாய் வருவதில்லை. பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்கிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

லாசரு செத்த கதையைப் போதகர் ஒரு நாள் பிரசங்கித்தார். இயேசு நாலு நாள் கழித்துத்தான் வருகிறார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்று மார்த்தாள் முகத்துக்கு நேரே சொல்கிறாள். கொஞ்ச நேரத்தில் மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். பேசி வைத்துக்கொண்டார்கள் போல! அந்த நாலு நாளும் வீட்டில் வேறு என்ன பேசியிருப்பார்கள்? அவர் ஏன் லேட் என்று விளக்கவில்லை. அழுகிறார். இன்னும் ஐந்து நிமிஷத்தில் எழுப்பப்போகிறவர் எதற்காக அழ வேண்டும்? பிரசங்கத்தில் இதற்கு மூன்று காரணம் சொன்னார். மூன்றும் மறந்துவிட்டது. அழுதது மட்டும் நிற்கிறது.

கடைசியாக எங்கள் வீட்டு இறையியல் சண்டை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. ராத்திரி படுக்கும்போது ஜெபம் பண்ணுவாள். நீளமான லிஸ்ட்: தாத்தா, ஆச்சி, அப்பா, ஸ்கூல் மிஸ், ஆட்டோ மாமா, செக்யூரிட்டி வீட்டு நாய். எல்லோரையும் பத்திரமாகப் பார்த்துக்க இயேசப்பா. லிஸ்டில் அம்மாவும் உண்டு. அம்மா போன பிறகும் உண்டு.

சிரிக்காதீர்கள், இது பெரிய விஷயம். கத்தோலிக்கர்கள் செத்தவர்களுக்காக ஜெபிப்பார்கள். அதற்காகவே நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள். நாங்கள் ஜெபிக்க மாட்டோம். போனவர் போனவர்தான், இனி நன்றி மட்டும் சொல்லலாம். செத்தவர்களின் ஆத்துமாவுக்காக என்று பாவமன்னிப்புச் சீட்டு விற்றதைப் பார்த்துத்தான் 1517-ல் மார்ட்டின் லூதர் சண்டையைத் தொடங்கினார். ஐந்நூறு வருஷச் சண்டை நேராக எங்கள் கட்டிலுக்கு வந்துவிட்டது. நம்ம லூயிஸ் இங்கிலாந்துச் சபைக்காரர்தான், ஆனால் செத்தவர்களுக்காக நான் ஜெபிக்கத்தான் செய்கிறேன் என்று கடைசிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதை அத்தையிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அத்தை மெதுவாகத்தான் சொன்னார்கள். 'அம்மாவுக்குக் கேக்க வேண்டாம் மக்ளே. அவதான் இயேசப்பாகிட்டயே இருக்காளே. தேங்க்ஸ் மட்டும் சொல்லு.'

'கிட்டதான் இருக்கா ஆச்சி. அங்க ஊசி போடாம பாத்துக்கணும்ல? அதைத்தான் சொல்றேன்.'

அத்தை போர்வையைச் சரிசெய்தார்கள். சரிசெய்த போர்வையையே மறுபடி சரிசெய்தார்கள். பிறகு, 'சரி, முதல்லேர்ந்து சொல்லு' என்றார்கள்.

அவள் முதலிலிருந்து சொன்னாள். அம்மா, ஆட்டோ மாமாவுக்கு அடுத்து, நாய்க்கு முந்தி வந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஆமென் சொன்னோம்.